புல்வெளியைத் தரிசு என்பதா? நில ஆர்க்கிடுகளுக்கு வந்த கேடு

நாட்டு மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்றொரு சரக்கு கிடைக்கிறது. உலர்ந்து, கல்போல் இறுகி, மங்கலான நிறத்தில் இருக்கும் சிறு கிழங்கு அது. தாது புஷ்டிக்கான லேகியங்களில் சேர்க்கவும், பொடித்துப் பாலில் கலந்து பருகவும் வாங்கிச் செல்கிறார்கள். இது எந்தச் செடியின் கிழங்கு, எந்த ஊரில் பயிராகிறது என்று கடைக்காரரைக் கேட்டால், "வடக்கேயிருந்து வருகிறது" என்பதற்கு மேல் அவருக்கும் தெரிவதில்லை. உண்மையில் இதைப் பெரும்பாலும் யாரும் பயிரிடுவதில்லை. மலைப் புல்வெளிகளில் தானாக முளைத்த ஆர்க்கிட் செடிகளைத் தோண்டி, கிழங்கை வெந்நீரில் வேகவைத்து உலர்த்தி மூட்டை கட்டுகிறார்கள். ஒரு கிலோ பொடி கிடைக்க ஆயிரம் முதல் நாலாயிரம் கிழங்குகள் வரை தேவை என்பது துருக்கி நாட்டுக் கணக்கு. அங்கே இந்தப் பொடியைப் பாலில் காய்ச்சிக் குளிர்காலப் பானமாகப் பருகுகிறார்கள், ஐஸ்கிரீமிலும் சேர்க்கிறார்கள்.

ஆர்க்கிட் என்றதும் மரக்கிளையில் வேர் தொங்க வளரும் செடியும், கல்யாண மேடைகளில் அடுக்கும் ஊதாப் பூவும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உலகில் சுமார் 28,000 ஆர்க்கிட் இனங்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானவை மரத்தைப் பற்றி வாழ்பவை. எஞ்சியவை மண்ணில் வேர் விட்டு, புல்லோடு புல்லாக வளர்பவை. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி இந்நாட்டில் 1,256 இனங்கள் உள்ளன. அவற்றில் 447 இனங்கள் நிலத்தில் வளர்பவை. பூ இல்லாத மாதங்களில் இவற்றைப் பார்ப்பவர்கள் ஏதோ களை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆட்களையும் பணத்தையும் விழுங்கும் பாதுகாப்புத் திட்டங்கள் இவற்றின் பக்கம் திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரட்டைக் கிழங்கின் கணக்கு

இந்தச் செடிகளின் வாழ்க்கை முறை கிழங்குப் பயிர் செய்யும் விவசாயிக்கு எளிதில் விளங்கும். ஹபனேரியா, சாட்டிரியம் முதலிய இனங்களில் மண்ணுக்குள் இரண்டு கிழங்குகள் இருக்கும். ஒன்று சென்ற ஆண்டுக் கிழங்கு. மழை விழுந்ததும் அது தன் சத்தைக் கொடுத்து இலையையும் பூத்தண்டையும் மேலே அனுப்பிவிட்டுச் சுருங்கிப்போகும். மற்றொன்று அந்தப் பருவத்தில் இலை தயாரித்த மாவுச் சத்தைச் சேர்த்துப் புதிதாகத் திரளும் கிழங்கு. மழை நின்றதும் மேல்பகுதி காய்ந்துவிடும். கோடையிலும், புல்வெளியில் தீ பரவும் காலத்திலும், செடி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் புதுக் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அடுத்த மழையில் அது முளைக்கும். இப்படி ஜோடியாக இருக்கும் கிழங்குகளின் வடிவத்தைப் பார்த்துத்தான் கிரேக்கர்கள் விதை உறுப்பைக் குறிக்கும் தங்கள் சொல்லை இச்செடிக்கு வைத்தார்கள். ஆண்மைக்கு மருந்து என்ற நம்பிக்கையும் அந்த வடிவத்திலிருந்து பிறந்ததுதான்.

கிழங்கு தோண்டுபவர்களுக்குச் சுருங்கிய பழைய கிழங்கால் பயனில்லை. கெட்டியான புதுக் கிழங்கைத்தான் எடுக்கிறார்கள். அதாவது அடுத்த ஆண்டுச் செடியை எடுத்துக்கொண்டு, முடிந்துபோன ஆண்டின் சக்கையை மண்ணில் விடுகிறார்கள். சேனையிலும் கருணையிலும் விதைக்கிழங்கு ஒதுக்குவது போன்ற ஏற்பாடு இதில் எதுவும் இல்லை. தோண்டுவதும் பெரும்பாலும் பூக்கும் காலத்தில்தான் நடக்கிறது. பூ இருந்தால்தானே செடி இருக்கும் இடம் தெரியும்? ஆகவே விதை விழவும் வழியில்லை.

விதை விழுந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். சில இனங்களில் லட்சக்கணக்கிலும் இருப்பதுண்டு. சார்லஸ் டார்வின் இங்கிலாந்தின் புள்ளி ஆர்க்கிட் ஒன்றின் விதைகளைக் கணக்கிட்டு, ஒரே செடியில் 1,86,300 விதைகள் என்று 1862-ல் எழுதினார். அத்தனையும் முளைத்தால் அந்தச் செடியின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் பூமியின் நிலப்பரப்பு முழுவதையும் மூடிவிடும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏன் மூடவில்லை என்பதற்கு அவருக்கு விடை கிடைக்கவில்லை. 1899-ல் நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். நெல்லிலும் உளுந்திலும் முளைக்கு ஆகாரம் விதைக்குள்ளேயே இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் அது கிடையாது. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சாணம் விதைக்குள் நுழைந்து சர்க்கரையும் தாதுச் சத்தும் ஊட்டினால்தான் அது முளைக்கும். அந்தப் பூஞ்சாணம் இல்லாத இடத்தில் விழுந்த விதை அங்கேயே வீணாகிவிடும்.

இந்தப் பூஞ்சாணங்களில் பல ரைசக்டோனியா என்ற பெரும் கூட்டத்தைச் சேர்ந்தவை. நெற்பயிரில் இலையுறைக் கருகல் நோய் உண்டாக்கும் பூஞ்சாணமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். வயலில் பகையாகத் தெரியும் குடும்பம் புல்வெளியில் வளர்ப்புத் தாயாக இருக்கிறது! மலைச்சரிவுத் தோட்டங்களில் தெளிக்கும் பூஞ்சாணக் கொல்லி மருந்து மழைநீரோடு கீழே உள்ள புல்வெளிக்கு வழியும்போது, இது நோய்க்கிருமி, இது வளர்ப்புத் தாய் என்று பிரித்துப் பார்க்காது.

முளைத்த பிறகும் சில ஆண்டுகள் செடி இலையின்றி மண்ணுக்குள்ளேயே இருக்கும். பூப்பதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். வளர்ந்த செடியும்கூட ஒரு பருவமோ இரண்டு பருவமோ வெளியே தலை காட்டாமல் பூஞ்சாணத்தின் தயவில் உள்ளேயே இருந்துவிடுவதுண்டு. இந்தக் குணத்தின் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். அங்கே கோரிஜின் என்ற ஊருக்கு அருகில் 1928-ல் ஜாக் டிராட் என்ற விவசாயி தம் நிலத்தில் மண் வெடித்திருப்பதைக் கவனித்தார். இனிய வாசனையும் வந்தது. கிளறிப் பார்த்தபோது தரைக்குக் கீழேயே பூத்திருந்த ஆர்க்கிட் கிடைத்தது. அதற்குப் பச்சை இலை என்பதே கிடையாது. பக்கத்துப் புதரின் வேரிலிருந்து பூஞ்சாணம் கொண்டுவரும் சத்தில்தான் முழு வாழ்வும் நடக்கிறது. அந்தப் பிரதேசத்துப் புதர்க்காடுகளில் பெரும்பகுதி கோதுமை வயலாகிவிட்டதால் இன்று அச்செடி மிகச் சில இடங்களில்தான் எஞ்சியிருக்கிறது.

தரையில் பிறந்து மரம் ஏறியவை

மரத்தில் வளரும் ஆர்க்கிட்தான் அசல் என்றும், தரையில் வளர்வது அதன் ஏழை உறவு என்றும் ஓர் எண்ணம் உண்டு. ஆராய்ச்சி காட்டுவது இதற்கு நேர்மாறானது. வெங்காயம், பூண்டு, கற்றாழை, தண்ணீர்விட்டான் கொடி ஆகியவை அடங்கிய பெரும் வரிசையைச் சேர்ந்தது ஆர்க்கிட் குடும்பம். டைனசோர்கள் வாழ்ந்த காலத்திலேயே, சுமார் எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன், இது தனியாகப் பிரிந்து வளர ஆரம்பித்ததாக மதிப்பிடுகிறார்கள். டொமினிகன் நாட்டில் குங்கிலியம்போல் இறுகிய பழங்காலப் பிசினுக்குள் அகப்பட்ட கொடுக்கில்லாத தேனீ ஒன்றின் முதுகில் ஆர்க்கிட் மகரந்தக் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது 2007-ல் வெளியான செய்தி. அந்தப் பிசினின் வயது ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. முதல் ஆர்க்கிடுகள் தரையில்தான் வாழ்ந்தன. மரம் ஏறியது பின்னாளில், அதுவும் ஒரு முறைக்கு மேல் தனித்தனியாக நடந்த காரியம். ஏறியவற்றில் சில திரும்பத் தரைக்கு இறங்கியதும் உண்டு.

மகரந்தத்தைத் தூளாக இறைக்காமல் கட்டியாக்கி ஒரே பூச்சியின் மேல் ஒட்டிவிடுவது இக்குடும்பத்தின் தனி வழக்கம். ஒரு பூச்சி ஒரு தடவை சரியான பூவுக்கு வந்தால் போதும், காய் முழுவதும் விதை பிடித்துவிடும். வராவிட்டால் ஒன்றுமே இல்லை. சூதாட்டம் போன்ற இந்த ஏற்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு இனங்கள் பூச்சிக்குத் தேனும் தருவதில்லை. தேன் இருப்பதுபோல் காட்டி ஏமாற்றுகின்றன. வெள்ளைப் பூ பூத்து, இரவில் மணம் வீசி, நீண்ட நாக்குடைய அந்துப்பூச்சிகளை அழைக்கும் ஹபனேரியா இனங்கள் பல தேன் தரும் ஜாதி.

கூட்டாளியைப் பிரித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை வனிலா பயிரிட்ட விவசாயிகள் நன்கு அறிவார்கள். மண்ணில் வேர் விட்டு மரத்தில் ஏறும் ஆர்க்கிட் கொடிதான் வனிலா. மெக்ஸிகோவிலிருந்து வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனபோது கொடி செழித்தது, காய்தான் காய்க்கவில்லை. அங்குள்ள தேனீ கூட வரவில்லை. 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியால் மகரந்தம் சேர்க்கும் எளிய முறையைக் கண்டுபிடித்தான். இன்றும் தோட்டங்களில் ஒவ்வொரு பூவுக்கும் மனிதக் கை வேண்டியிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு மலைச்சரிவுகளில் வனிலா மோகம் பரவி, 2004-க்குப் பின் விலை விழுந்தபோது பலர் கொடியைப் பிடுங்கி எறிந்தது வேறு கதை.

இனி இவை பரவியிருக்கும் விதத்தைப் பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அருமை தெரியும். நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளியில் தென்மேற்குப் பருவமழைக்குப் பின் இளஞ்சிவப்புக் கதிராகப் பூக்கும் சாட்டிரியம் நேபாளன்ஸ் இமயமலையிலும் உண்டு, இலங்கை மலைகளிலும் உண்டு; இடையேயுள்ள சமவெளிகளில் கிடையாது. இதே பேரினத்தில் சுமார் 90 இனங்கள் இருக்க, மிகச் சிலவற்றைத் தவிர எல்லாம் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வாழ்கின்றன. பூமி குளிர்ந்திருந்த காலங்களில் குளிர்ப்பிரதேசச் செடிகள் தாழ்வான இடங்கள் வழியாகப் பரவி, வெப்பம் திரும்பியதும் மலையுச்சிகளில் தங்கிவிட்டன என்பது ஒரு கருத்து. தூசி விதையைக் காற்றே கொண்டுவந்தது என்பாரும் உண்டு.

அகத்தியர் மலைப் பகுதியில் பாபியோபெடிலம் ட்ரூரி என்ற செருப்பு வடிவ ஆர்க்கிட் இருக்கிறது. பாறையும் புல்லும் கலந்த சரிவுகளில், மஞ்சள் பூவில் பழுப்புக் கோடு ஓட, பூக்கும். இதன் உறவினங்கள் எல்லாம் வடகிழக்கு இந்தியாவிலும் தென்சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்க, இது மட்டும் தென்முனையில் தனித்து நிற்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. 1865-ல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தது முதல் இதற்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் மவுசு ஏற்பட்டு, பெயர்த்தெடுத்துப் பெயர்த்தெடுத்தே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991-ம் ஆண்டுத் திருத்தம் செருப்பு ஆர்க்கிடுகளுக்குச் சட்டக் காவல் அளித்தது. சர்வதேச வியாபாரத்துக்கும் தடை இருக்கிறது.

தென்னிந்தியச் செடிகளை வரைந்து வெளியிட்ட ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவருக்கு, ரங்கையா, கோவிந்து என்ற இரு உள்ளூர் ஓவியர்கள் உதவினார்கள். சோலைக்காட்டின் தரையில் வளரும் ஓர் ஆர்க்கிடுக்குக் கோவிந்துவின் பெயரையே பேரினப் பெயராக வைட் சூட்டினார். பின்னர் அது ட்ரோபிடியா என்ற பழைய பேரினத்தில் அடங்கிவிட்டதால் கோவிந்துவின் பெயர் வழக்கில் இல்லாமல் போயிற்று. தென்னாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு அந்தக் காலத்தில் கிடைத்த அபூர்வ மரியாதை என்பதால் இதை இங்கே குறிப்பிடலாம்.

மரம் நட்டால் புண்ணியம்தானா?

கிழங்கு தோண்டுபவரையும் பூச் சேகரிப்பவரையும் குறை சொல்வது எளிது. தமிழ்நாட்டு மலைகளில் நில ஆர்க்கிடுகளுக்கு நேர்ந்த பெரிய சேதம் அவர்களால் ஏற்பட்டதல்ல. நல்ல எண்ணத்தோடு மரம் நட்டவர்களால் ஏற்பட்டது. புல்வெளியை வெள்ளையர் காலத்திலேயே தரிசு என்று கணக்கில் எழுதினார்கள். தரிசு என்று எழுதியபின் அதில் எதையாவது நட்டுத்தானே ஆக வேண்டும்? தைல மரமும், தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரமும் 19-ம் நூற்றாண்டில் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் ஆலைகளின் தேவைக்காக மேலும் வேகமாக நடப்பட்டன. தேயிலையும் காய்கறியும் எஞ்சியதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. பழனி மலையில் மட்டும் 1973 முதல் 2014 வரையிலான சுமார் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. முக்கிய காரணம் மரத் தோப்புகளும் விவசாயமும்தான்.

சீகை மரத்தின் நிழலில் புல் நிற்பதில்லை. புல் இல்லாத இடத்தில், வெயில் கேட்கும் சாட்டிரியமும் ஹபனேரியாவும் நிற்பதில்லை. ஓர் ஆர்க்கிடைச் சட்டம் போட்டுக் காத்துவிட்டு அது வாழும் புல்லை மரத்தோப்பாக்குவது மாட்டுக்குக் காப்புக் கயிறு கட்டிவிட்டு மேய்ச்சல் தரையை விற்பது போன்றது.

பூவுக்காகப் புல்லைக் காப்பதா என்று கேட்பவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. உதகமண்டலத்திலுள்ள மத்திய மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டது. புல்வெளியின் ஒரு பகுதியில் தைல மரம் நட்டதில், முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே ஓடை நீர் சுமார் 16 சதவிகிதம் குறைந்தது. மலையில் குறையும் நீர் பைகாராவிலும் பவானியிலும் குறைந்து, கடைசியில் கீழேயுள்ள வாய்க்காலில் தெரியும். கோபிசெட்டிபாளையத்து நெல் விவசாயிக்கும் மலையுச்சிப் புல்லுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது.

மலைவாசிகளுக்கு விறகு வேண்டும், வேலை வேண்டும் என்பது நியாயமான பேச்சு. அதற்கு ஏற்கெனவே நிற்கும் தோப்புகளே ஏராளம். ஏற்கெனவே தைல மரம் நிற்கும் இடத்தில் வெட்டி மீண்டும் வளர்ப்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. எஞ்சியுள்ள புல்லில் புதுக் குழி தோண்டுவதுதான் ஆட்சேபத்துக்குரியது. அந்நியக் களை மரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கை ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் மரத்தை வெட்டியவுடன் புல்வெளி வந்துவிடாது. சீகை விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, வெட்டிய மறு மழையிலேயே நாற்றங்கால்போல் முளைக்கும். ஆண்டுதோறும் பிடுங்க ஆளும் பணமும் ஒதுக்காத திட்டம் பாதியில் நின்ற கிணறாகிவிடும்.

எல்லா நில ஆர்க்கிடும் தொட்டால்சிணுங்கி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈரப் புல்தரைகளிலும் நெல் வரப்புகளிலும் வளரும் சூக்ஸைன் என்ற ஆசியச் சிறுசெடி 1930-களில் அமெரிக்காவின் புளோரிடாவில் தலைகாட்டி, வீட்டு முற்றத்துப் புல்தரைகளில் களைபோலப் பரவியது. ஊரில் நாற்றங்கால்காரர்கள் நில ஆர்க்கிட் என்று விற்கும் ஸ்பாத்தோகுளாட்டிஸ் தொட்டியிலும் பாத்தியிலும் சுலபமாக வளரும். ஆசைப்படுபவர்கள் அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். இந்த உதாரணங்களைக் காட்டி, புல்வெளி ஆர்க்கிடுகளையும் பெயர்த்துப் பூங்காவில் வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். இங்கிலாந்தின் அனுபவம் வேறுவிதமானது. அங்கே மஞ்சள் செருப்பு ஆர்க்கிட் அழிந்துவிட்டதாக 1917-ல் முடிவு கட்டினார்கள். 1930-ல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி அகப்பட்டது. இடத்தை ரகசியமாக வைத்துக் காவல் காத்தார்கள். பின்னர் கியூ தோட்டத்து விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் விதை முளைக்க வைத்து நாற்றுத் தந்தார்கள். அப்படி நட்ட செடி காட்டில் முதல் பூ பூத்தது 2000-ல். ஒரு செடியை மீட்க எழுபது ஆண்டு.

மருந்துச் சரக்கு விஷயத்தில் வைத்தியர்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. சியவனப்பிராச லேகியத்தில் சேரும் அஷ்டவர்க்கம் என்ற எட்டு மூலிகைகளில் நான்கு, இமயமலையின் நில ஆர்க்கிடுகள். கிடைக்காதபோது தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, நிலப்பூசணிக் கிழங்கு முதலியவற்றைப் பிரதியாகச் சேர்க்கலாம் என்று பழைய வைத்திய நூலான பாவப்பிரகாசமே அனுமதிக்கிறது. இவற்றில் அமுக்கராவும் தண்ணீர்விட்டானும் தமிழ்நாட்டு விவசாயிகள் பயிரிட்டு விற்கக்கூடியவை. சாலாமிசிரிக்கும் இப்படி ஒரு பிரதியை மருந்து தயாரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்டால் கிழங்கு தோண்டுவதும் குறையும், மானாவாரி விவசாயிக்கும் ஒரு சந்தை கிடைக்கும்.

மலை விவசாயிகளுக்கு ஆகும் செலவு சொற்பம். தோட்ட எல்லையிலுள்ள புல்திட்டு, ஓடைக்கரை, சதுப்புக் குழி ஆகியவற்றை உழாமலும் களைக்கொல்லி தெளிக்காமலும் விடலாம். அங்கே மாடு மேய்வதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. அளவான மேய்ச்சல் புல் ஓங்கி வளர்ந்து சிறு செடிகளை அமுக்காமல் வைத்திருக்கும். பூத்தண்டு நிற்கும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மட்டும் அந்தத் திட்டில் மந்தையை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் காய் முற்றி விதை பறந்துவிடும்.

அதிகாரிகள் மாற்றிக்கொள்ள வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. ஒரு புல்வெளியில் சாலையோ தோப்போ கட்டடமோ வருவதற்கு முன், அங்கே அரிய செடி உண்டா என்று பார்க்க ஒரு குழு போகிறது. போவது பெரும்பாலும் கோடையில், ஜீப் ஏற வசதியான மாதங்களில். அப்போது கிழங்குகள் எல்லாம் மண்ணுக்குள் இருக்கும். "அரிய செடி எதுவும் இல்லை" என்று அறிக்கை எழுதிவிட்டு வருவார்கள். அந்த ஆண்டு மழையில் போயிருந்தாலும் பாதிச் செடிகள் தலைகாட்டாமல் இருந்திருக்கலாம். கணக்கெடுப்பு ஜூன் முதல் அக்டோபர் வரை மழையில் நனைந்தபடி நடக்க வேண்டும்; அதுவும் தொடர்ந்து மூன்று பருவமாவது நடக்க வேண்டும். அதுவரை அந்தப் புல்லில் கடப்பாரை விழக்கூடாது.